ஏழு மணிக்கு அணைகிற அடுப்பு

காலை ஏழு மணிக்கு அடுப்பு அணைந்தது.

ஏர்மெஸ் சமையலறைத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, வீட்டைச் சூடாக்கும் அடுப்பின் கண்ணாடிக் கதவுக்குள் தீ சுருங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீ நீலமாகி, உள்ளிருந்த இரும்புக் கிண்ணத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு, இல்லாமல் போயிற்று. விசிறி மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு அதுவும் நின்றது. அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதினார்: திங்கள், 7.00.

அதற்கு மேலே நான்கு வரிகள் இருந்தன. வியாழன் 7.00. வெள்ளி 7.01. சனி 7.00. ஞாயிறு 7.00.

மாடிப்படிக் கதவைத் திறந்துகொண்டு மனைவி நோர்மா வந்தாள். இரவு உடைமேல் கோட்டு, கோட்டுமேல் சால்வை.

"போயிடுச்சா?"

"இப்பதான்."

"எத்தனை டிகிரி?"

"பதினாலு." சுவரிலிருந்த வெப்பமானியை இருவரும் பார்த்தார்கள். "பதிமூணரை," என்று திருத்தினார்.

நோர்மா காப்பிப் பாத்திரத்தை எரிவாயு அடுப்பில் ஏற்றி, அதன்மேல் கைகளைக் காட்டி நின்றாள். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் அக்கா இல்வா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். இல்வா உதினே நகரத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். அங்கே குளியலறையில்கூடச் சூடு வரும். ஈஸ்டருக்குப் பிறகுதான் திரும்புவாளாம். அவளுடைய பெட்டி நேற்றிலிருந்தே படிக்கட்டின் அடியில் இருந்தது. ஏர்மெஸ் அதைச் சுற்றிக்கொண்டுதான் போய் வந்துகொண்டிருந்தார்.

முப்பத்தெட்டு வருடத்தில் அவள் இல்லாமல் இந்த வீட்டில் அவர் நான்கு இரவுகள் இருந்திருக்கிறார். நான்கும் நினைவிருந்தது.

"அதுக்குள்ள அடுப்பு சரியாயிட்டா?" என்று கேட்டார்.

"ரெண்டு விஷயம். சமையலறை இருபது டிகிரி இருக்கணும். நீ தரையில இருக்கக் கூடாது."

ஏர்மெஸ் முதல் விஷயத்தை நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவர் முப்பத்தொரு வருடம் மின்சார மீட்டர் படித்தவர். பள்ளத்தாக்கு முழுக்க வீடு வீடாக நடந்து, எண்ணைப் பார்த்து, எண்ணை எழுதி, அடுத்த வீட்டுக்குப் போனவர். ஒரு திருகாணியைக்கூடத் தொட்டதில்லை. தொட அனுமதி இல்லை. ஓய்வு பெற்ற மறுநாள் அழைப்புமணியைக் கழற்றினார். மூன்று வருடங்களுக்குப் பிறகு இப்போது குளிர்பெட்டியைத் திறந்தால் அழைப்புமணி அடிக்கிறது. துணி துவைக்கும் இயந்திரம் வாரம் ஒரு சாண் நகர்கிறது. அதைச் சரிசெய்யும் எண்ணமும் அவருக்கு உண்டு.

இந்த இலையுதிர்காலத்தில் தோள் வலி வந்தது. மருத்துவர் இனி விறகு பிளக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மரத்தூளை அழுத்திச் சின்னச் சின்னக் குச்சிகளாக்கி மூட்டையில் விற்கிறார்களே, அந்தப் பெல்லட் போட்டு எரிக்கிற அடுப்பு நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். தொட்டியில் கொட்டினால் போதும், அதுவே எடுத்துப் போட்டுக்கொள்ளும். புதியது வாங்கலாம் என்றாள் நோர்மா. புதியதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது என்று ஏர்மெஸ் நினைத்தார்.

ஊர்க்கார மூதாட்டி ஒனோரினாவிடம் ஒன்று இருந்தது. ஊருக்கு மேலே, காட்டோரம், அவர் கணவரின் வேட்டைக் குடிசையில். கணவர் ஒலிந்தோ இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒனோரினாவுக்கு முழங்கால் சரியில்லை, குடிசைப் பக்கம் போவதே இல்லை. பதினான்கு வயது அடுப்பு. பழுப்பு ஓடு பதித்தது.

"நோர்மாகிட்ட கேட்டியா?" என்றார் ஒனோரினா.

"அவளுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்."

ஒனோரினா கொஞ்சம் யோசித்தார். "இருக்கும்," என்று சொல்லி, அடுப்போடு கைவண்டியையும் கொடுத்தார்.

போன புதன்கிழமை மூன்று பேர் சேர்ந்து அதை இறக்கினார்கள். நோர்மா கடையிலிருந்து வந்தபோது அடுப்பு சமையலறையில் நின்றது. அவள் பையைக் கீழே வைத்தாள். கோட்டைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"இதையா?"

"ஏன்?"

"ஒண்ணுமில்ல. பழசா இருக்கு."

ஏர்மெஸ் எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். ரசமட்டம் வைத்து நான்கு கால்களையும் சமமாக்கினார். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நிறுத்தினார். புகைபோக்கியில் கரி பெருக்கி, குழாயைப் பொருத்தி, இணைப்புகளில் சூடு தாங்கும் பசை பூசினார். தொட்டியில் ஒரு மூட்டை பெல்லட்டைக் கொட்டிப் பொத்தானை அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். அடுப்போடு வந்த புத்தகத்தைப் பார்த்தார். பிளக்கைப் பிடுங்கிச் செருகினார்.

நோர்மா எழுந்து வந்து, தொட்டி மூடியின் இடது மூலையில் முழங்கையை ஊன்றினாள். 'டக்'கென்று ஒரு சத்தம். உள்ளே திருகுத்தண்டு சுற்ற ஆரம்பித்தது. பெல்லட்டுகள் ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் விழுந்தன.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மூடி சரியா உக்காரல. பார்த்தாலே தெரியுதே."

ஏர்மெஸ் மனைவியைப் பெருமையோடு பார்த்தார். தன்னோடு இருந்து இருந்து வந்த கூர்மை என்று நினைத்தார்.

அன்று இரவு இருபத்தோரு டிகிரி. அவர் கிரப்பா மதுப் புட்டியைத் திறந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு அடுப்பு அணைந்தது.

கிண்ணத்தின் துளைகள் அடைத்திருக்கும் என்பது முதல் முடிவு. துளையிடும் கருவியால் அவற்றைச் சுத்தம் செய்தார். சுத்தம் செய்ததில் துளைகள் பெரிதாகிவிட்டன. பாதி எரிந்த பெல்லட்டுகள் சாம்பல் தட்டில் விழுந்து அங்கே புகைந்தன. எனவே மதியம் அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, மறுபடி கிண்ணத்துக்குள் கையை விட்டார்.

அது வியாழக்கிழமை. நோர்மா வீட்டில் இல்லை. வியாழக்கிழமை இரண்டிலிருந்து ஆறு வரை அவளுக்குத் தேவாலயத்தில் பாடகர் குழுப் பயிற்சி. இரண்டு வருடமாக ஒரு வாரமும் தவறியதில்லை. வீட்டில் ஒரு வரிகூடப் பாட மாட்டாள். குரலைச் சேமிக்கிறாள் என்று ஏர்மெஸ் எடுத்துக்கொண்டார்.

கை உள்ளே இருக்கும்போது அடுப்பு தானாகப் பற்றியது. முதலில் மணிக்கட்டின்மேல் பெல்லட்டுகள் விழுந்தன. அது என்னவென்று அவர் யோசித்துக்கொண்டிருக்கையில் பற்றவைக்கும் கம்பி சிவந்தது. கையை இழுத்துக்கொண்டார். மணிக்கட்டு மயிர் போயிற்று. மாலை ஆறு மணிக்கு அடுப்பு தானாக அணைந்தது. மின்கசிவு என்று நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

நோர்மா திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. தேவாலயத்தில் சூடு போடவில்லையா என்று கேட்டார். இல்லை என்றாள். இரண்டு முறை தும்மினாள்.

வெள்ளிக்கிழமை ஒனோரினாவுக்குத் தொலைபேசியில் பேசினார். கோளாறான சாமானைத் தலையில் கட்டிவிட்டதாகக் கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொன்னார். குடிசையில் அது ஒருநாளும் தகராறு செய்ததில்லை என்றார் ஒனோரினா.

"நோர்மா என்ன சொல்றா?"

"அவளுக்கு இதுல என்ன தெரியும்?"



அன்று மாலை இணையத்தில் மெக்கானிக்குகளுக்கான ரகசிய எண் கிடைத்தது. நான்கு இலக்கம். அதை அழுத்தினால் அடுப்பு தன் உள்விவரம் அத்தனையையும் காட்டியது. ஏர்மெஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மீட்டர்களில் எண்ணைப் பார்க்கத்தான் முடிந்தது. இங்கே மாற்ற முடிந்தது.

காற்றைக் கூட்டினார். தீ உலைக்களம்போல் உறுமியது. எரிகிற பெல்லட்டுகள் கிண்ணத்திலிருந்து குதித்துக் கண்ணாடியில் மோதின. ஒரு மூட்டை அரை நாளில் தீர்ந்தது. சரி, பெல்லட்டையும் கூட்டினார். கிண்ணம் வழிந்தது. கண்ணாடி கறுத்தது. புகைபோக்கியிலிருந்து கிளம்பிய கரும்புகை எதிர்வீட்டுக் கொடியில் உலர்ந்த போர்வைகளைச் சாம்பல் நிறமாக்கியது. காற்றைக் குறைத்தார். புகை வீட்டுக்குள் வந்தது. சன்னல்களைத் திறக்க வேண்டியதாயிற்று. திறந்தால் ஒன்பது டிகிரி.

ஞாயிறு அதிகாலை நான்கு மணிக்கு, அணைத்து வைத்திருந்த அடுப்பு மறுபடி தானாகப் பற்றியது. அவர் கீழே இறங்கி வந்து பற்றவைக்கும் கம்பியின் இணைப்பைத் துண்டித்தார். அதற்குப் பிறகு மெழுகுக்கட்டியும் தீக்குச்சியும் வைத்துத்தான் பற்றவைக்க வேண்டியிருந்தது. மூன்றாவது முறை இடது புருவம் போயிற்று.

இவ்வளவு மாற்றியும் ஒன்று மட்டும் மாறவில்லை. காலை ஏழு மணிக்கு அடுப்பு அணைந்தது.

திங்கட்கிழமை மாலை, நோட்டை முன்னே வைத்துக்கொண்டு ஏர்மெஸ் அந்த ஐந்து வரிகளைப் படித்தார். எண்களைப் படிக்கத் தெரிந்த மனிதர். இந்த வீட்டில் தினமும் ஏழு மணிக்கு என்ன நடக்கிறது? ஒன்றே ஒன்றுதான் நடக்கிறது. நோர்மா மாடிப்படிக் கதவைத் திறந்துகொண்டு வருகிறாள்.

கதவு திறந்தால் மாடிக்குக் காற்று இழுக்கும். புகைபோக்கியின் இழுவை குறையும். தீ அணையும். எல்லாம் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தி நின்றது. அவர் நிதானமாக விளக்கினார்.

"அதாவது நான் காப்பி குடிக்க வர்றதால அடுப்பு அணையுது," என்றாள் நோர்மா.

"நீ வர்றதால இல்ல. நீ வர்ற கதவால."

செவ்வாய்க்கிழமை காலை நோர்மா முன்வாசல் வழியாக வெளியே இறங்கி, வீட்டைச் சுற்றிப் பனியில் நடந்து, பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் வந்தாள். இரவு உடை, கோட்டு, சால்வை, ஏர்மெஸ்ஸின் ரப்பர் பூட்ஸ். எதிர்வீட்டுக்காரி சன்னலில் நின்று பார்த்தாள். நோர்மா கையை ஆட்டினாள்.

அடுப்பு அணைந்தது.

பின்வாசலும் கதவுதான் என்பது ஏர்மெஸ்ஸுக்கு அப்போது தோன்றியது. புதன்கிழமை நோர்மாவைக் கீழே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கதவுகளின் அடியில் துணி திணித்தார். அசையாமல் உட்கார்ந்தார். மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

ஏழு மணிக்குத் தீ சுருங்கி, நீலமாகி, இல்லாமல் போயிற்று.

எட்டு மணிக்கு நோர்மா இறங்கி வந்தாள். அவரையும் நோட்டையும் பார்த்தாள். நோட்டை எடுத்துப் படித்தாள். கூடத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பள்ளத்தாக்கு மெக்கானிக் லோரிஸுக்குத் தொலைபேசியில் பேசினாள்.

வியாழக்கிழமை ஒரு மணிக்கு லோரிஸ் வந்தான். முப்பது வயதிருக்கும். வந்தவன் படிக்கட்டின் அடியிலிருந்த பெட்டியைப் பார்த்தான், ஏர்மெஸ்ஸின் புருவத்தைப் பார்த்தான், கடைசியில்தான் அடுப்பைப் பார்த்தான்.

"இதை யாரு தொட்டது?"

"பழைய அடுப்பு," என்றார் ஏர்மெஸ். "பல கை மாறியிருக்கும்."

"அந்தக் கைங்கள்ல ஒண்ணுல மயிரக் காணோம், சார்."

நோர்மா அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தாள். தடித்த கோட்டு, இரண்டு ஜோடிக் காலுறை. பையிலிருந்து கம்பளியின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. கூடவே தேநீர் குடுவையும். தேவாலயத்தில் இன்னும் சூடு போடவில்லை போலும் என்று ஏர்மெஸ் நினைத்தார். பங்குக் குருவிடம் சொல்லி அங்கிருக்கும் கொதிகலனை ஒருநாள் பார்க்க வேண்டும்.

லோரிஸ் புதுக் கிண்ணம் போட்டான். துண்டித்த இணைப்பைச் சேர்த்தான். எண்களை எல்லாம் தொழிற்சாலையில் வைத்தபடி திருப்பி வைத்தான். அதற்கு நெடுநேரம் ஆயிற்று. ஒவ்வொரு எண்ணையும் பார்த்து மெல்ல விசில் அடித்தான். அடுப்பு அணைந்தே இருந்தது. ஏர்மெஸ் மின்கசிவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

'டக்'.

திருகுத்தண்டு சுற்றியது. பெல்லட்டுகள் விழுந்தன. ஏர்மெஸ் ஓரடி பின்வாங்கினார்.

லோரிஸ் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். சரியாக இரண்டு. சிரித்தான்.

"அம்மா போன்லயே சொன்னாங்க. முதல்ல கடிகாரத்தைப் பாருன்னு."

ஏர்மெஸ் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். லோரிஸ் அடுப்பில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினான். சின்னத் திரையில் வாரத்தின் ஏழு நாட்களும் வந்தன.

கசிவு ஒன்றுமில்லை என்றான். பழைய சொந்தக்காரர் நேரம் குறித்து வைத்திருக்கிறார். தினமும் காலை ஏழுக்கு அணையும். ஞாயிறு விடிகாலை நான்குக்குப் பற்றும். எல்லா எண்ணையும் மாற்றிய சார், ரகசிய எண்ணே தேவைப்படாத இந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கவில்லை.

"ஒலிந்தோ," என்றார் ஏர்மெஸ். "வேட்டைக்காரர். ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்னாடி குடிசைக்குப் போயிடுவார். ஏழு மணிக்குக் காட்டுக்குள்ள கிளம்புவார். அணைக்க மறந்துடக் கூடாதுன்னு வெச்சிருப்பார்."

"சரி. வியாழக்கிழமை ரெண்டுலேர்ந்து ஆறு?"

ஏர்மெஸ் குனிந்து சின்னத் திரையைப் பார்த்தார்.

"மதியம் ரெண்டு மணிக்கு என்ன மான் வரும்?" லோரிஸ் கருவிகளைப் பெட்டியில் அடுக்கினான். "செருப்புப் போட்டுக்கிட்டு வர்ற மான்தான் வரும்."

நேரக் கணக்கை அழித்துவிட்டு அவன் போனான். மூன்றரை மணிக்குச் சமையலறை இருபது டிகிரியைத் தொட்டது. தீ மஞ்சளாக, உறுமாமல், குதிக்காமல் எரிந்தது. கழற்ற ஒன்றும் இல்லை. ஏர்மெஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டியை மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். நோர்மாவுக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. தொலைபேசியில் கூப்பிட்டார். பயிற்சி நேரத்தில் அவள் அதை அணைத்துவிடுவாள்.

ஒனோரினாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. கைவண்டியும் திரும்பப் போக வேண்டும். அதை இழுத்துக்கொண்டு பனியில் நடந்தார்.

வழியெல்லாம் ஒலிந்தோவின் வியாழக்கிழமை அவர் மனத்தில் கனத்தது. தேவாலயத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்த மனிதர். சவ ஊர்வலத்தில் ஏர்மெஸ்ஸும் தோள் கொடுத்திருக்கிறார். யாராக இருக்கும் என்று ஊரிலுள்ள பெண்களை வரிசையாக நினைத்துப் பார்த்தார். பிறகு வெட்கப்பட்டு நிறுத்தினார். பாவம் ஒனோரினாக்கா. எழுபத்தாறு வயதில் இதெல்லாம் அவர் தெரிந்துகொள்ள வேண்டாம். தான் தெரிந்துகொண்டது தன்னோடு போகட்டும்.

ஒனோரினா வாசற்படியில் உப்புத் தூவிக்கொண்டிருந்தார். ஏர்மெஸ் தொப்பியைக் கழற்றி, தப்பு அடுப்பின் மேல் இல்லை, நேரம் குறித்து வைத்திருந்ததுதான் காரணம் என்றார்.

"காலைல ஏழு. ஞாயித்துக்கிழமை நாலு," என்றார் ஒனோரினா. "அது ஒலிந்தோ வெச்சது. எனக்கு நியாபகமே வரல பாரு."

"பரவால்லக்கா. அவ்வளவுதான் இருந்தது."

"வியாழக்கிழமை?"

ஏர்மெஸ் குனிந்து கைவண்டியின் கயிற்றைச் சுருட்டினார். "பழைய இயந்திரம். எண்ணெல்லாம் தானா மாறியிருக்கும். அதைப் போய்ப் பெரிசா எடுத்துக்காதீங்க."

"என்ன தானா மாறும்? ரெண்டு மணிக்குப் பத்தும், ஆறு மணிக்கு அணையும். வெக்கும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். புத்தகத்தைப் பார்த்துப் பத்து நிமிஷத்துல வெச்சிட்டா."

கயிறு கையில் நின்றது.

"வெச்சாளா? யாரு?"

"நோர்மாதான். ஒலிந்தோ தவறிப்போன குளிர்காலத்துல குடிசைச் சாவி கேட்டு வந்தா. வாரத்துல நாலு மணி நேரமாவது யாரும் எதையும் கழட்டாத ஒரு இடத்துல உக்காரணும்னு சொன்னா. நான் தனியா இருக்கறவ, எனக்குப் புரிஞ்சுது. அவ உன்கிட்ட சொல்லலையா?"

தேவாலய மணி நாலரை அடித்தது. மேலே காட்டோரம் பனி விழுந்துகொண்டிருந்தது.

ஒனோரினா உப்பு வாளியைக் கீழே வைத்தார்.

"அடுப்பைத்தான் நீ தூக்கிட்டுப் போயிட்டியே. இப்ப வியாழக்கிழமை அவ எங்க போறா?"